கடற்படை விமானதளம் ஒன்றின் வரலாற்றைத் தொகுப்பது எப்படி?

இந்தியக் கடற்படையின் மரபில் கரையிலுள்ள தளமும் ஒரு கப்பல்தான். கப்பலுக்கு வைப்பதைப் போலவே அதற்கும் 'ஐ.என்.எஸ்.' (இந்தியக் கடற்படைக் கப்பல்) என்ற முன்னொட்டோடு பெயர் வைக்கிறார்கள்; கொடியேற்றிப் பணியில் சேர்க்கிறார்கள்; தளபதி ஒருவரை நியமிக்கிறார்கள்; தேவை தீர்ந்தால் பணியிலிருந்து விடுவிக்கிறார்கள்; பல ஆண்டுகள் கழித்து அதே பெயரை வேறோர் ஊரின் தளத்துக்குச் சூட்டவும் செய்கிறார்கள். கடற்படை விமானதளம் ஒன்றின் வரலாற்றை எழுத உட்காருபவர் முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டியது இதுவே. நிலம் இருந்த இடத்திலேயே கிடக்கும், பெயர் ஊர்விட்டு ஊர் போகும், விமானப் பிரிவுகளோ இரண்டுக்கும் கட்டுப்படாமல் வந்து போகும். இந்த மூன்றையும் ஒரே கதையாகக் கருதித் தொடங்கியவர்களின் கட்டுரைகளில்தான் தேதிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன.

சூலூரை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில், 1945இல், பிரிட்டிஷ் கடற்படை அங்கே 'எச்.எம்.எஸ். வைரி' ('எச்.எம்.எஸ்.' என்பது அந்தக் கடற்படைக் கப்பல்களின் முன்னொட்டு) என்ற பெயரில் ஒரு விமானதளத்தை நடத்தியது. விடுதலைக்குப் பிறகு, விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்த் வாங்கப்பட்டபோது, அதன் ஜெட் விமானங்கள் கரையில் தங்குவதற்கு ஓரிடம் தேவைப்பட்டது. அதற்காக 1961 செப்டம்பர் 5 அன்று ஐ.என்.எஸ். ஹன்ஸா பணியில் சேர்க்கப்பட்டதும் இதே சூலூரில்தான். அந்த ஆண்டு டிசம்பரில் கோவா விடுதலை பெற்றது. போர்த்துகீசியர் விட்டுச்சென்ற டாபோலிம் விமானநிலையம் கடற்படையின் கைக்கு வந்தது. 1964இல் ஹன்ஸா என்ற பெயர் அங்கே குடிபெயர்ந்தது. சூலூரோ பிற்காலத்தில் விமானப்படையின் தளமாக வளர்ந்து, 2018இல் தேஜஸ் போர் விமானங்களின் 45ஆம் ஸ்குவாட்ரனுக்கு, அதாவது விமானப் பிரிவுக்கு, இருப்பிடமானது. ஆக, 'ஹன்ஸாவின் வரலாறு' என்று எழுதினால் அது கோயம்புத்தூர் மாவட்டத்தில் தொடங்கிக் கோவாவுக்குப் போகும். 'சூலூர் தளத்தின் வரலாறு' என்று எழுதினால் இரண்டு கடற்படைகளையும் ஒரு விமானப்படையையும் தொட்டுச் செல்லும். எதை எழுதப் போகிறோம் என்பதை முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும்.

கருடா என்ற பெயரிலும் இதே சிக்கல் உண்டு. போர்க்காலத்தில் கோயம்புத்தூரில் இயங்கிய 'எச்.எம்.எஸ். கருடா' கண்டிப்பான பொருளில் விமானதளமே அல்ல. அது பிரிட்டிஷ் கடற்படை விமானங்களைப் பழுது பார்க்கும் பணிமனை. 1953 மே 11 அன்று கொச்சியில் பணியில் சேர்ந்த ஐ.என்.எஸ். கருடாவுக்கும் அதற்கும் பெயர் ஒற்றுமையைத் தவிர நேரடி உறவு கிடையாது. தளங்களுக்குப் பறவைகளின் பெயரை வைப்பது பிரிட்டிஷ் கடற்படையின் வழக்கம். தாம்பரத்தில் 'வல்லூறு', இலங்கையின் புத்தளத்தில் 'ராஜாளியா' என்று அவர்கள் உள்ளூர்ப் பறவைகளையே தேர்ந்தெடுத்தார்கள். இந்தியக் கடற்படையும் அந்த வழக்கத்தைத் தொடர்ந்ததால், அரக்கோணத்திலுள்ள அதன் தளமான ஐ.என்.எஸ். ராஜாளியைத் தேடுபவர் முன்னால் புத்தளத்தின் ஆவணம் வந்து நிற்பது சாதாரணமாக நடக்கிறது. கிடைத்த தாளில் பெயருக்குப் பக்கத்தில் ஊர் இருக்கிறதா என்று பார்க்காமல் எந்தக் குறிப்பையும் எடுக்கக் கூடாது.

ஆகவே, ஒரு பெரிய நோட்டிலோ கணினியிலோ மூன்று பத்திகள் (நெடுவரிசைகள்) கொண்ட காலவரிசை ஒன்றைத் தொடங்குவது நல்லது. முதல் பத்தி நிலத்துக்கு, இரண்டாவது பெயருக்கும் நிர்வாகத்துக்கும், மூன்றாவது அங்கே தங்கிய ஸ்குவாட்ரன்களுக்கு. கிடைக்கும் ஒவ்வொரு தகவலையும் உரிய பத்தியில் மட்டுமே எழுதி, அது எங்கிருந்து கிடைத்தது என்பதைப் பக்கத்திலேயே குறித்துவிட வேண்டும். மூன்றாவது பத்தியில் கூடுதல் கவனம் தேவை. ஏனென்றால் ஸ்குவாட்ரனின் எண் நிலைத்திருக்க, அதன் விமானம் மாறும், ஊரும் மாறும். கடற்படையின் 312ஆம் ஸ்குவாட்ரன் 1976இல் டாபோலிமில் சூப்பர் கான்ஸ்டலேஷன் விமானங்களோடு தொடங்கியது. 1988இல் சோவியத் ஒன்றியத்திலிருந்து வந்த டியு-142 கடல் கண்காணிப்பு விமானங்களைப் பெற்றது. 1992இல் அவற்றோடு அரக்கோணத்துக்கு வந்தது. 2017 மார்ச் 29 அன்று அவை ஓய்வு பெற்றபின் பி-8ஐ கண்காணிப்பு விமானங்களைப் பறக்கவிடுகிறது. இதை ஒரே வரியில் 'அரக்கோணத்தின் 312' என்று எழுதினால் முதல் பதினாறு ஆண்டுகள் காணாமல் போய்விடும்.

தேதிகளைப் பற்றி ஒரு வார்த்தை. தளம் ஒன்று எப்போது தொடங்கியது என்று கேட்டால் குறைந்தது நான்கு பதில்கள் கிடைக்கும்: அரசு ஒப்புதல் அளித்த நாள், நிலம் கைமாறிய நாள், முதல் விமானம் இறங்கிய நாள், விழா நடத்திப் பணியில் சேர்த்த நாள். நான்குக்கும் இடையே பத்தாண்டு இடைவெளிகூட இருக்கலாம். ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியில் 1980களிலிருந்தே கடற்படையின் விமானப் பிரிவு ஒன்று இயங்கி வந்தது, அது ஐ.என்.எஸ். பருந்து என்ற பெயரோடு முழுத் தளமாகப் பணியில் சேர்ந்தது 2009இல்தான். 'தொடங்கியது' என்ற ஒற்றைச் சொல்லை விட்டுவிட்டு, எது நடந்ததோ அதையே எழுதினால் பாதிக் குழப்பம் தீரும்.

நிலத்தின் தாள்கள்

விமானதளத்தின் வரலாற்றில் மிகவும் வளமானதும், பெரும்பாலானோர் தொடாமல் விடுவதும் நிலத்தின் கதைதான். ஓடுபாதை போடுவதற்கு முன் அங்கே வயலோ, மேய்ச்சல் நிலமோ, ஏரியின் நீர்பிடிப்போ இருந்திருக்கும். சில சமயம் குடியிருப்பும் கோயிலும்கூட இருந்திருக்கும். அவை என்னவாயின என்பதற்குப் படைத்துறை ஆவணங்களைவிட வருவாய்த்துறை ஆவணங்களே நல்ல சாட்சி. போர்க்காலத்தில் எடுக்கப்பட்ட நிலங்கள் பெரும்பாலும் இந்தியப் பாதுகாப்பு விதிகளின் 75ஏ பிரிவின்கீழ் தற்காலிகமாகக் கைப்பற்றப்பட்டவை. போர் முடிந்ததும் சில நிலங்கள் உரியவர்களிடம் திரும்பின, சில நிரந்தரமாக எடுக்கப்பட்டன. விடுதலைக்குப் பிந்தைய எடுப்புகள் பெரும்பாலும் 1894ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தின்படி நடந்தவை. அந்தச் சட்டத்தில் 4(1)ஆம் பிரிவு அறிவிக்கை எண்ணத்தைச் சொல்லும், 6ஆம் பிரிவு அறிவிக்கை முடிவைச் சொல்லும். இரண்டும் அரசிதழில் வெளியாகியிருக்கும். சென்னை மாகாண காலத்தில் அந்த அரசிதழின் பெயர் ஃபோர்ட் செயின்ட் ஜார்ஜ் கெசட்.

அறிவிக்கை ஒன்றைக் கையில் எடுத்தால் அதன் அட்டவணையை வரிவரியாகப் படிக்க வேண்டும். மாவட்டம், வட்டம், கிராமம் என்று தொடங்கி, சர்வே எண், நிலத்தின் வகை, உடைமையாளர் அல்லது அனுபவதாரர் பெயர், பரப்பு, நான்கு எல்லைகள் என்று அது செல்லும். வகை என்ற இடத்தில் நஞ்சை, புஞ்சை, புறம்போக்கு என்பவற்றில் எது அதிகம் வருகிறது என்று கூட்டிப் பார்த்தால், அந்த ஊர் இழந்தது விளைநிலத்தையா, பொதுநிலத்தையா என்பது தெரிந்துவிடும். எல்லைகளில் வரும் வாய்க்கால், வண்டிப்பாதை, குளம் ஆகியவற்றைப் பழைய வரைபடத்தில் குறித்துப் பார்த்தால் காணாமல் போன நிலவமைப்பு மெல்ல மெல்ல எழுந்து நிற்கும். இந்தச் சர்வே எண்களைக் கிராமத்தின் நிலப் பதிவேடான 'அ' பதிவேட்டோடும், நிலத்தின் அளவை வரைபடமான புலப்படத்தோடும் ஒப்பிட வேண்டும். பிந்தைய மறு அளவையில் எண்கள் மாறியிருக்கக்கூடும் என்பதால் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் இணைக்கும் பட்டியலையும் கேட்டுப் பெறுவது அவசியம். தனிமனிதர்களின் பெயர்களை உங்கள் குறிப்புக்காக எடுத்துக்கொள்ளலாம். வெளியிடும்போது குடும்பத்தாரின் சம்மதம் இல்லாமல் அச்சிட வேண்டாம்.

எந்த அலுவலகத்துக்குப் போவது என்பதில் மாவட்டப் பிரிப்புகள் ஆளை அலைக்கழிக்கும். அரக்கோணம் ஒரு காலத்தில் வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1989இல் அந்த மாவட்டம் பிரிந்தபின் வேலூரைத் தலைநகராகக் கொண்ட பகுதியோடு சேர்ந்தது. 2019இலிருந்து ராணிப்பேட்டை மாவட்டத்தைச் சேர்ந்தது. எனவே 1980களின் கோப்பைத் தேடி ராணிப்பேட்டையில் நிற்பவரை வேலூருக்கு அனுப்புவார்கள். இன்னும் பழையது என்றால் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு அனுப்புவார்கள். உச்சிப்புளிக்கும் இதே நிலைதான். 1985இல் பழைய ராமநாதபுரம் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. எழுத்துக்கூட்டலையும் மறந்துவிடக் கூடாது: பழைய ஆங்கில ஆவணங்களில் அரக்கோணம் 'ஆர்கோணம்' என்றும், ராமநாதபுரம் 'ராம்நாட்' என்றும், கொச்சி 'கொச்சின்' என்றும் இருப்பதால், இன்றைய எழுத்துக்கூட்டலில் தேடினால் அட்டவணை எதையும் காட்டாது.

வரைபடங்களில் இந்திய நில அளவைத் துறையின் தாள்களோடு, அமெரிக்க ராணுவ வரைபடப் பிரிவு 1950களில் அச்சிட்ட யு-502 வரிசையையும் பார்க்கலாம். டெக்ஸாஸ் பல்கலைக்கழக நூலகம் அதை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. போர்க்காலத்து ஓடுபாதைகள் பல அதில் இன்னும் அழியாமல் இருக்கின்றன.

காப்பகங்கள்

1947க்கு முந்தைய பகுதிக்கு லண்டனின் கியூ பகுதியிலுள்ள பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகமே முதன்மையானது. அங்கே கடற்படை அமைச்சகத்தின் கோப்புகள் ஏ.டி.எம். என்ற குறியீட்டிலும், விமானப்படையின் கோப்புகள் ஏ.ஐ.ஆர். என்ற குறியீட்டிலும் உள்ளன. கடற்படை விமான ஸ்குவாட்ரன்களின் நாட்குறிப்புகள் ஏ.டி.எம். 207 தொகுப்பிலும், விமானப்படை நிலையங்களின் செயற்பாட்டுப் பதிவேடுகள் ஏ.ஐ.ஆர். 28 தொகுப்பிலும் கிடைக்கும். தென்னிந்தியத் தளங்கள் பலவற்றை இரண்டு படைகளும் பகிர்ந்தும் கைமாற்றியும் கொண்டதால், கடற்படையின் கோப்பில் இல்லாதது விமானப்படையின் கோப்பில் இருக்கலாம். நேரில் போக முடியாதவர்கள் பட்டியலை இணையத்தில் தேடி, தேவையான கோப்பின் எண்ணைக் குறித்து, கட்டணம் செலுத்திப் படியெடுத்துத் தரச் சொல்லலாம். பிரிட்டிஷ் கடற்படையின் அதிகாரிகள் பட்டியலை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் வைத்திருக்கிறது. குறிப்பிட்ட மாதத்தில் ஒரு தளத்துக்கு யார் தளபதி என்று அறிய அது உதவும்.

பலருக்கும் தோன்றாத இன்னொரு வாயில், காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் தரவுத்தளம். கடற்படையில் இறந்தவர்களை அது அவர்கள் பணியாற்றிய கப்பலின் பெயரோடு பதிவு செய்திருக்கிறது. கரைத்தளமும் கப்பலாகவே கருதப்படுவதால், தளத்தின் பெயரைக் கொண்டு தேடினால் அங்கே இறந்தவர்களின் பெயரும் நாளும் கிடைக்கும். ஒரே நாளில் இரண்டு மூன்று பெயர்கள் வந்தால், அந்த நாளின் விபத்தை ஸ்குவாட்ரன் நாட்குறிப்பில் தேடலாம்.

விடுதலைக்குப் பிந்தைய பகுதியில் வழி கரடுமுரடானது. புது தில்லியிலுள்ள இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' இணையதளத்தில் தொடங்கலாம். கடற்படையே வெளியிட்ட அதிகாரபூர்வ வரலாற்றுத் தொகுதிகள், பாதுகாப்பு அமைச்சகத்தின் ஆண்டறிக்கைகள், நாடாளுமன்றக் கேள்வி பதில்கள், கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கைகள் ஆகியவை வெளிப்படையானவை. இவற்றில் தணிக்கை அறிக்கைதான் என் அனுபவத்தில் அதிகம் பேசுவது, ஏனென்றால் ஏன் தாமதமானது, எவ்வளவு கூடுதலாகச் செலவானது என்பதை அது மட்டுமே மறைக்காமல் சொல்லும். பாதுகாப்பு அமைச்சகம் 2021 ஜூனில் அறிவித்த கொள்கைப்படி, போர் நாட்குறிப்புகளும் செயற்பாட்டுப் பதிவேடுகளும் பொதுவாக 25 ஆண்டுகளில் வெளியிடத்தக்கவை ஆக வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் மனு அனுப்பலாம்; 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். ஆனால் அந்தச் சட்டத்தின் 8(1)(அ) பிரிவு நாட்டின் பாதுகாப்பைப் பாதிக்கும் தகவலுக்கு விலக்கு அளிக்கிறது. 20 ஆண்டுகள் கடந்த தகவலைத் தர வேண்டும் என்று சொல்லும் 8(3) பிரிவும் இந்த விலக்கை அப்படியே காப்பாற்றுகிறது. ஆகவே 'தளத்தின் கட்டமைப்பு பற்றிய அனைத்து விவரங்களும்' என்று கேட்டால் மறுப்புதான் வரும். 'தளம் பணியில் சேர்க்கப்பட்ட விழாவின் அச்சிட்ட நிகழ்ச்சி நிரல்', 'முதல் தளபதியிலிருந்து இன்றுவரை பதவி வகித்தவர்களின் பட்டியல்' என்று குறுக்கிக் கேட்டால் கிடைக்க வாய்ப்புண்டு.

மனிதர்களிடம் கேட்பது

ஓய்வுபெற்ற கடற்படையினரிடம் பேசும்போது 'அந்தக் காலத்தில் தளம் எப்படி இருந்தது?' என்று தொடங்கினால் விழாப் பேச்சு கிடைக்கும். அவர்களிடமுள்ள ஒரு பொருளிலிருந்து தொடங்குவது நல்லது. விமானியோ விமானக் குழுவைச் சேர்ந்தவரோ என்றால் அவரிடம் பறப்புப் பதிவேடு, அதாவது லாக் புக் இருக்கும். தேதி, விமானத்தின் வகை, அதன் எண், உடன் பறந்தவர், பணி, பறந்த நேரம் என்று ஒவ்வொரு வரியும் அந்த நாளிலேயே எழுதப்பட்டு, மாதக் கடைசியில் மேலதிகாரியின் கையொப்பம் பெற்றது. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு நினைவிலிருந்து சொல்வதைவிட அந்த வரி நம்பகமானது. நினைவும் வரியும் மோதினால் வரியையே ஏற்க வேண்டும். ஒரு வரியில் புறப்பட்ட ஊரும் இறங்கிய ஊரும் வேறாக இருந்தால் அங்கே விரலை வைத்து 'இந்தப் பயணம் எதற்காக?' என்று கேளுங்கள். ஸ்குவாட்ரன் இடம் மாறிய நாள் பெரும்பாலும் அப்படித்தான் அகப்படும்.

அதிகாரிகளோடு நின்றுவிடக் கூடாது. தளத்தின் ஒப்பந்தத் தொழிலாளர்கள், ராணுவப் பொறியியல் சேவையில் வேலை பார்த்தவர்கள், நிலம் கொடுத்த குடும்பங்கள், வேலியோரம் கடை வைத்திருந்தவர்கள் ஆகியோரின் நினைவில்தான் கட்டுமானக் காலம் உயிரோடு இருக்கிறது. ஜல்லி எங்கிருந்து வந்தது, எந்தச் சாலை மூடப்பட்டது, இழப்பீடு எந்த ஆண்டில் கைக்கு வந்தது என்பவற்றைக் கடற்படையின் எந்தப் புத்தகமும் சொல்லாது.

எல்லை

அலுவல் இரகசியங்கள் சட்டம், 1923, படைத்துறைத் தளங்களைத் தடைசெய்யப்பட்ட இடங்களாக வரையறுக்கிறது. வேலிக்கு வெளியிலிருந்து படம் எடுப்பது, டிரோன் பறக்கவிடுவது, இன்றைய கட்டடங்களை வரைபடத்தில் குறிப்பது, இப்போது எத்தனை விமானங்கள் உள்ளன என்று விசாரிப்பது ஆகிய எதுவும் வரலாற்றுப் பணிக்குத் தேவையில்லை. இன்றைய நிலைக்கு அரசு தானே செய்திக்குறிப்பில் சொன்னதைத் தாண்ட வேண்டாம். ஓய்வுபெற்றவர் ஆர்வத்தில் அதிகம் சொல்லிவிட்டால் அதைப் பதிவிலிருந்து நீக்கிவிடுவது அவருக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. விமானங்களை அருகில் நின்று பார்க்க வேண்டுமானால் கோவாவின் கடற்படை விமான அருங்காட்சியகமும், விசாகப்பட்டினம் கடற்கரையில் 2017இல் திறக்கப்பட்ட டியு-142 அருங்காட்சியகமும் இருக்கின்றன.

எழுதும்போது

தேதிகளை அடுக்குவது எளிது. இந்த ஊர் ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது என்ற கேள்விக்குப் பதில் சொல்வதுதான் வேலை. அரக்கோணம் கடலோரத்தில் இல்லை. ஆனாலும் 1992 மார்ச் 11 அன்று குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் கடற்படையின் ராஜாளி தளத்தை அங்கே பணியில் சேர்த்துவைத்தார். காரணத்தின் பெரும்பகுதியை டியு-142 விமானமே சொல்லிவிடும். ஏறத்தாழ 50 மீட்டர் இறக்கை அகலமும், புறப்படும்போது 185 டன் வரை எடையும் கொண்ட அந்த விமானத்துக்கு நீண்ட, உறுதியான ஓடுபாதை வேண்டும். வங்கக் கடலையும் அதற்கு அப்பாலும் கண்காணிக்கக் கிழக்குக் கரைக்கு அருகில் இருக்க வேண்டும். போர்க்காலத்திலேயே விமான ஓடுதளம் இருந்த சமவெளி அரக்கோணத்தில் இருந்தது. உச்சிப்புளியின் காரணம் முற்றிலும் வேறு. பாக் நீரிணை அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. 1980களில் இலங்கையின் உள்நாட்டுப் போர் மூண்டபின் அந்தக் குறுகிய கடலின் மீது எப்போதும் ஒரு கண் தேவைப்பட்டது. அதற்குச் சிறிய விமானங்களும் குறுகிய ஓடுபாதையும் போதும். இரண்டு தளங்களையும் அருகருகே வைத்து எழுதினால் விமானத்தின் அளவு தளத்தின் அளவை எப்படித் தீர்மானிக்கிறது என்பது வாசகருக்கே விளங்கும்.

'முதல்', 'மிகப் பெரிய', 'ஆசியாவிலேயே நீளமான' என்ற அடைமொழிகளைக் கண்டால் பேனாவை நிறுத்த வேண்டும். ராஜாளியின் ஓடுபாதை நான்கு கிலோமீட்டரைத் தாண்டியது என்பது சரி. ஆசியாவிலேயே நீளமானது என்று பலரும் எழுதுவது சரியல்ல, திபெத்தின் சாம்டோ பாங்டா விமானநிலையம் ஐந்து கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஓடுபாதையோடு கட்டப்பட்டது. படங்களிலும் இதே எச்சரிக்கை வேண்டும். புத்தளத்தில் யானை ஒன்று கோர்சேர் போர் விமானத்தை இழுத்துச் செல்லும் போர்க்காலப் படம் புகழ்பெற்றது. அதை யார் எடுத்தார்கள், எதற்காக எடுத்தார்கள் என்று பார்க்காமல், யானைகளை நம்பியே தளம் நடந்தது என்று எழுதிவிடுகிறார்கள். அது படைத்துறை விளம்பரத்துக்கும் உகந்த காட்சி என்பதை நினைவில் வைத்து, அன்றாட நிலையை நாட்குறிப்பில்தான் தேட வேண்டும்.

பொதுமக்களின் வாழ்க்கையோடு தளம் கலந்த தருணங்களுக்குத் தனி இடம் கொடுக்கலாம். நெடும்பாசேரியில் 1999இல் புதிய விமானநிலையம் திறக்கும்வரை கொச்சியின் பயணிகள் விமானங்கள் கடற்படையின் ஓடுபாதையில்தான் இறங்கின; டாபோலிமில் அந்தப் பகிர்வு இன்றும் நடக்கிறது; 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமானநிலையம் மூடப்பட்டபோது பயணிகள் அரக்கோணத்திலிருந்து பறந்தார்கள்.

விபத்துகளை எழுதும்போது முதல் நாள் செய்தித்தாளின் எண்ணிக்கையை இறுதியாகக் கொள்ள வேண்டாம். ஒரு வாரம் கழித்து வந்த செய்தியையும், நாடாளுமன்றத்தில் அமைச்சர் அளித்த பதிலையும் சேர்த்துப் பாருங்கள். காரணம் அதிகாரபூர்வமாக வெளியாகவில்லை என்றால் ஊகத்தை எழுத வேண்டாம்.

முடித்த பிரதியைப் பேட்டி கொடுத்தவர்களிடம் அவரவர் பகுதியை மட்டும் படிக்கக் கொடுத்துத் திருத்தம் பெறுங்கள். ஒலிப்பதிவுகளையும் படியெடுத்த அரசிதழ்ப் பக்கங்களையும் தேதியும் இடமும் குறித்த உறைகளில் போட்டு, ஒரு தொகுதியை மாவட்ட மைய நூலகத்திலோ சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலோ ஒப்படைக்க முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம். காலவரிசை நோட்டின் மூன்று பத்திகளை அச்சிலும் பின்னிணைப்பாகச் சேர்த்துவிட்டால், அடுத்து எழுத வருபவர் எந்த வரியைத் திருத்த வேண்டும் என்று நேரே பார்த்துக்கொள்வார்.